மார்பக அறுவையில் நீலச் சாயம்: ஒவ்வாமை வந்தால் என்ன நடக்கிறது?

மார்பகப் புற்றுநோய் அறுவைக்கு நாள் குறித்ததும் கையெழுத்துக்காக ஓர் ஒப்புதல் படிவம் வரும். சாயம் செலுத்தும்போது சிலருக்கு ஒவ்வாமை வரலாம் என்று அதில் ஒரு வரி இருக்கும். கோயம்புத்தூரிலோ ஈரோட்டிலோ அந்தப் படிவம் கைக்கு வரும் நேரத்தில் கட்டிலைச் சுற்றி மாமன், மச்சான், சின்னம்மா என்று ஒரு கூட்டமே நிற்கும். எங்கே கையெழுத்துப் போடுவது என்று கேட்பார்களே தவிர, என்ன சாயம், எதற்காகச் சாயம் என்று கேட்பவர் அரிது. கேட்டாலும் தவறில்லை. திருப்பூர்ப் பக்கத்து மனிதருக்குச் சாயம் என்றால் பட்டறையும் நொய்யல் ஆறும்தான் நினைவுக்கு வரும். அதை உடம்புக்குள் ஏன் செலுத்துகிறார்கள் என்பது நியாயமான கேள்வி.

காய்ச்சலோ புண்ணோ வந்தால் அக்குளிலும் தொடை இடுக்கிலும் உருண்டையாக வீங்குவதை 'நெறி கட்டியிருக்கிறது' என்போம். அப்படி வீங்குவது நிணநீர்க் கணு. மார்பகத்திலிருந்து வடியும் நிணநீர் பெரும்பாலும் அக்குளில் உள்ள கணுக்களின் வழியாகத்தான் போகிறது. புற்றுச் செல்கள் இடம்பெயரத் தொடங்கினால் அவையும் பெரும்பாலும் அந்த வழியிலேயே போகும். கீழ்பவானி வாய்க்காலின் தலைப்பில் ஒரு குடம் சாயத்தைக் கொட்டினால், நிறம் முதலில் எந்த மடையில் தெரிகிறதோ அதுதான் முதல் மடை. அங்கே ஒன்றும் வந்து சேரவில்லை என்றால் கடைமடை வரை தோண்டிப் பார்க்க வேண்டியதில்லை. சாயம் முதலில் போய்ச் சேரும் கணுவை மருத்துவர்கள் 'சென்டினல் நோட்' என்கிறார்கள். நாம் காவல் கணு என்று வைத்துக்கொள்வோம். அதை மட்டும் எடுத்துச் சோதித்து, புற்று இல்லை என்றால் அக்குளை அப்படியே விட்டுவிடலாம்.

முன்பெல்லாம் விட மாட்டார்கள். அக்குளில் உள்ள கணுக்களை மொத்தமாக வழித்து எடுப்பார்கள். அப்படி எடுத்தவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்குப் பிற்காலத்தில் கை வீங்கும். காவல் கணுவை மட்டும் எடுத்தால் அது இருபதில் ஒருவர் என்ற அளவுக்குக் குறைகிறது. தறியில் நிற்கும் பெண்ணுக்கும், காலையும் மாலையும் பால் கறக்கும் பெண்ணுக்கும் கை வீங்காமல் இருப்பது சின்ன விஷயமில்லை. காவல் கணு என்ற கருத்தை 1977இல் ரமோன் கபானாஸ் வேறொரு புற்றுநோய்க்காக எழுதினார். நீலச் சாயத்தைக் கொண்டு அதைத் தேடும் முறையை 1992இல் டொனால்ட் மார்ட்டன் தோல் புற்றுநோயில் காட்டினார். 1994இல் அர்மாண்டோ ஜூலியானோ அதையே மார்பகத்துக்குக் கொண்டுவந்தார்.

அறுவை அரங்கில் நடப்பது எளிய காட்சிதான். நோயாளி மயக்கத்துக்குப் போன பிறகு, மார்புக் காம்பைச் சுற்றியோ கட்டியின் அருகிலோ சில மில்லி நீலச் சாயத்தை ஊசியில் ஏற்றுவார்கள். பிறகு அந்த இடத்தை ஐந்து நிமிடம் விரலால் தேய்த்துவிடுவார்கள். அக்குளில் சிறிதாகக் கீறினால் மஞ்சள் கொழுப்புக்கு நடுவே தையல் நூல் அளவுக்கு ஒரு நீலக் கோடு தெரியும். அது நிணநீர்க் குழாய். அதைப் பிடித்துக்கொண்டே போனால் நீலமான ஒரு கணுவில் போய் முடியும்.

மூன்று நீலங்கள்

'நீலச் சாயம்' என்று பொதுவாகச் சொன்னாலும் புழக்கத்தில் மூன்று உண்டு. அமெரிக்காவில் ஐசோசல்ஃபான் நீலம், ஐரோப்பாவில் பேட்டன்ட் நீலம். இரண்டும் வேதியியலில் உடன்பிறப்புகள் போல நெருங்கியவை, டிரைஃபீனைல்மீத்தேன் என்ற வகையைச் சேர்ந்தவை. மூன்றாவது மெத்திலீன் நீலம், முற்றிலும் வேறு வகை. விலை குறைவு, எளிதில் கிடைக்கும் என்பதால் இந்தியாவில் பல அறுவை அரங்குகளில் இதுதான் ஊசியில் ஏறுகிறது.

கடுமையான ஒவ்வாமைக்குப் பேர்போனவை முதல் இரண்டும்தான். எவ்வளவு பேருக்கு வருகிறது? பிரிட்டனில் பேட்டன்ட் நீலம் செலுத்தப்பட்ட 7,917 பேரைப் பற்றி 2010இல் வெளியான ஆய்வில், ஏதோ ஒரு பாதிப்பு வந்தவர்கள் 0.9 விழுக்காடு. அவர்களில் பெரும்பாலோருக்குத் தோல் தடிப்பு போன்ற லேசான பாதிப்புகளே. கடுமையாக வந்தது 0.06 விழுக்காட்டினருக்கு. ஐசோசல்ஃபான் நீலத்தைப் பற்றிய சில அமெரிக்கத் தொகுப்புகளில் ஒவ்வாமை ஒன்று முதல் இரண்டு விழுக்காடு வரை பதிவாகியிருக்கிறது. ஆக, அரிதுதான். ஆனால் அறுவை அரங்கில் வரும் கடுமையான ஒவ்வாமைகளுக்குக் காரணமானவற்றை பிரிட்டனின் மயக்கவியல் மருத்துவர்கள் நாடு முழுக்கக் கணக்கெடுத்து 2018இல் வெளியிட்டபோது, நோய்க்கிருமிக் கொல்லிகள், தசை தளர்த்தும் மருந்துகள், தோலைச் சுத்தம் செய்யும் குளோர்ஹெக்சிடின் ஆகியவற்றுக்கு அடுத்து நான்காவது இடத்தில் பேட்டன்ட் நீலம் இருந்தது. குறிப்பிட்ட சில அறுவைகளில் மட்டுமே பயன்படும் ஒரு பொருள் அந்தப் பட்டியலில் நான்காவதாக வருவதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியாது.

உடம்புக்குள் நடப்பது

தோலுக்கடியிலும் மூச்சுக் குழாயிலும் இரத்தக் குழாய்களை ஒட்டியும் மாஸ்ட் செல்கள் இருக்கின்றன. அவற்றுக்குள் ஹிஸ்டமின் உள்ளிட்ட வேதிப்பொருட்கள் துகள்களாக அடைந்திருக்கும். ஒருவருடைய உடம்பு முன்பே ஒரு பொருளைப் பகையாக முடிவு கட்டியிருந்தால், அதற்கென்றே ஐஜிஇ என்ற எதிர்ப்புப் புரதத்தைத் தயாரித்து இந்தச் செல்களின் மேல் பதித்து வைத்திருக்கும். அதே பொருள் மறுபடி உள்ளே வந்ததும் மாஸ்ட் செல்கள் ஒரே நேரத்தில் தங்கள் சரக்கைக் கொட்டிவிடுகின்றன. இரத்தக் குழாய்கள் விரிந்து, சுவர்கள் ஒழுகத் தொடங்கும். இரத்த அழுத்தம் சரிகிறது, இதயம் வேகமாக அடிக்கிறது, மூச்சுக் குழாய் இறுகலாம். உடம்பு முழுவதையும் பிடிக்கும் இந்தக் கடும் ஒவ்வாமைக்கு அனபிலாக்சிஸ் என்று பெயர்.

முதல் தடவையாக அறுவைக்குப் போகிறவருக்கு இந்தச் சாயத்தோடு ஏது பழைய பகை என்று கேட்கலாம். இதே குடும்பத்துச் சாயங்கள் அழகுப் பொருட்களிலும் துணியிலும் காகிதத்திலும் சில நாடுகளில் உணவிலும் இருக்கின்றன. பேட்டன்ட் நீலம் ஐரோப்பாவில் ஈ131 என்ற எண்ணோடு உணவு நிறமியாகவே அனுமதிக்கப்பட்டது. நம் நாட்டில் உணவுக்கு அனுமதித்த செயற்கை நிறங்களின் பட்டியலில் அது இல்லை. ஆனால் அதே குடும்பத்தைச் சேர்ந்த பிரில்லியன்ட் புளூ இருக்கிறது. வாய்ப்புண்ணுக்குத் தடவும் ஜென்சியன் வயலட்டும் அதே குடும்பம்தான். தெரியாமலேயே உடம்பு அறிமுகமாகியிருக்கலாம் என்று மருத்துவர்கள் கருதுவது இதனால்தான். சிலருக்கு முன் அறிமுகம் இல்லாமலேயே சாயம் நேரடியாக மாஸ்ட் செல்களைக் கிளறிவிடுவதும் உண்டு.

ஏன் இதைப் பிடிப்பது கடினம்

இந்த ஒவ்வாமையை மற்றவற்றிலிருந்து வேறுபடுத்துவது அதன் வேளை. நரம்பில் ஏற்றும் மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்றால் சில நிமிடங்களில் தெரிந்துவிடும். ஊசியைப் போட்ட கையோடு வருவதால் குற்றவாளியைத் தேட வேண்டியதில்லை. நீலச் சாயமோ நரம்பில் போவதில்லை. தோலுக்கடியில் தேங்கி, நிணநீர் வழியாக மெதுவாக இரத்தத்தில் கலக்கிறது. ஆகவே அறிகுறிகள் பத்து நிமிடத்திலிருந்து அரை மணி நேரத்துக்குள் வருவதே வழக்கம், சில நேரம் அதற்கும் மேல் தாமதிக்கும். அதற்குள் அறுவை நிபுணர் அக்குளுக்குள் வேலையில் மூழ்கியிருப்பார். அழுத்தம் சரிந்தால் முதலில் தோன்றுவது இரத்தப்போக்கோ, மயக்கம் ஆழமாகிவிட்டதோ என்பதுதான். நோய்க்கிருமிக் கொல்லி ஊசியும் கீறுவதற்குச் சற்று முன்தான் போடப்பட்டிருக்கும், அதன் மேலும் சந்தேகம் விழும்.

நோயாளி வாய் திறந்து சொல்லவும் வழியில்லை. விழித்திருப்பவர் உள்ளங்கை அரிக்கிறது, தொண்டை அடைக்கிறது, என்னமோ செய்கிறது என்று தவிப்பார். மயங்கிக் கிடப்பவரின் உடம்பு முழுக்கப் பச்சைத் துணி போர்த்தியிருக்கும். காணாக்கடி போலத் தடிப்புகள் கிளம்பினாலும் துணிக்கு அடியில்தான் கிளம்பும். அதனால் காரணம் புரியாமல் அழுத்தம் இறங்கினால் அனுபவம் உள்ள மயக்கவியல் மருத்துவர் துணியைத் தூக்கி வயிற்றையும் தொடையையும் ஒருமுறை பார்த்துவிடுவார்.

அங்கே அவர் பார்க்கக்கூடியதும் விசித்திரமானது. சாதாரணத் தடிப்பு சிவந்திருக்கும். இதில் சிலருக்கு நீலத் தடிப்புகள் வரும். ஒழுகும் குழாய்களிலிருந்து நீர் கசியும்போது இரத்தத்தில் கலந்திருந்த சாயமும் கூடவே கசிவதால் தடிப்பே நீலமாகிறது. ஊசி போட்ட மார்பில் நீலம் பரவுவது எதிர்பார்த்ததுதான். வயிற்றிலோ கையிலோ மேடு மேடாக நீலம் கிளம்பினால் அதை ஒவ்வாமை என்று எடுத்துக்கொண்டு செயல்பட வேண்டும்.

இன்னொரு குழப்பம் விரல் நுனியில் மாட்டும் ஆக்சிமீட்டர். கொரோனாவுக்குப் பிறகு கொங்கு நாட்டில் அந்தக் கருவி இல்லாத வீடு குறைவு. அது சிவப்பு ஒளியையும் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியையும் விரலுக்குள் அனுப்பி, எது எவ்வளவு விழுங்கப்படுகிறது என்று கணக்கிட்டு ஆக்சிஜன் அளவைச் சொல்கிறது. நீலச் சாயங்களும் ஏறத்தாழ அதே சிவப்பு ஒளியை விழுங்குபவை. ஆகவே இரத்தத்தில் சாயம் கலந்ததும் கருவி ஏமாந்து, ஆக்சிஜன் உண்மையில் குறையாதபோதும் குறைந்துவிட்டதாகக் காட்டும். தமனி இரத்தத்தை எடுத்துப் பரிசோதித்தால் உண்மை தெரியும். அழுத்தமும் மூச்சும் சீராக இருந்து எண் மட்டும் கொஞ்சம் இறங்கினால் அது சாயத்தின் வேலையாக இருக்கலாம். அழுத்தமும் சேர்ந்து சரிந்தால், கருவியைக் குறை சொல்லிக்கொண்டு நேரத்தைக் கடத்துவது ஆபத்து. இந்த இரண்டையும் பிரித்தறிவதில்தான் மயக்கவியல் மருத்துவரின் திறமை இருக்கிறது என்பேன். கத்தி பிடிப்பவரின் பெயரை மட்டும் விசாரித்துவிட்டு மருத்துவமனையைத் தேர்வு செய்யும் நம் வழக்கத்தில் இவரை யாரும் விசாரிப்பதில்லை.

மருந்து அட்ரினலின்தான்

ஒவ்வாமை என்றதும் நம் ஊரில் 'அவில் ஊசி போட்டால் சரியாகிவிடும்' என்பார்கள். அரிப்புக்கும் தடிப்புக்கும் அது போதும். அனபிலாக்சிஸுக்குப் போதாது. சரியும் அழுத்தத்தையும் இறுகும் மூச்சுக் குழாயையும் மீட்கும் முதல் மருந்து அட்ரினலின். விழித்திருக்கும் பெரியவருக்குத் தொடைத் தசையில் 0.5 மில்லிகிராம் போடுவார்கள். அறுவை அரங்கில் எல்லாக் கண்காணிப்பும் இருப்பதால், மிகச் சிறிய அளவுகளாக நரம்பிலேயே ஏற்றுவார்கள். கால்களை உயர்த்தி, சலைனை வேகமாக ஏற்றி, முழு ஆக்சிஜன் கொடுப்பார்கள். ஸ்டீராய்டும் அவில் வகை மருந்துகளும் அதற்குப் பிறகுதான்.

ஒரு தடவை மீண்டதும் வேலை முடிந்துவிடுவதில்லை. தேங்கிய சாயம் தோலுக்கடியிலிருந்து தொடர்ந்து இரத்தத்தில் கலந்துகொண்டே இருப்பதால் அழுத்தம் மறுபடி சரியலாம். அட்ரினலினைச் சொட்டுச் சொட்டாகத் தொடர வேண்டி வரலாம். அதனால்தான் பிழைத்து எழுந்தவரையும் தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒரு நாளாவது வைத்துப் பார்க்கிறார்கள். 'எல்லாம் சரியாகிவிட்டது என்கிறார்கள், பிறகு ஏன் ஐசியூ' என்று வெளியே உறவினர்கள் கோபப்படுவதைப் பார்த்திருக்கிறேன். காரணம் இதுதான்.

முன்கூட்டியே ஸ்டீராய்டும் ஒவ்வாமை எதிர்ப்பு ஊசியும் போட்டுவிட்டால் தடுத்துவிடலாமே என்று தோன்றும். செய்து பார்த்திருக்கிறார்கள். ஒவ்வாமையின் கடுமை குறைந்தது, ஆனால் வருபவர்களின் எண்ணிக்கை குறையவில்லை.

சரி, மெத்திலீன் நீலத்தையே எல்லோரும் பயன்படுத்தினால் என்ன? அதில் அனபிலாக்சிஸ் மிக அரிது. ஆனால் அதற்கும் தன் குணம் உண்டு. தோலின் மேலடுக்கில் போட்டால் அந்த இடம் வெந்து புண்ணாகலாம், ஆகவே ஆழமாகவோ நீர்த்தோ போட வேண்டும். மன அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு அது மூளையில் செரடோனின் என்ற வேதிப்பொருளைத் தாறுமாறாக ஏற்றிவிடலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2011இல் எச்சரித்தது. ஜி6பிடி என்ற நொதி குறைந்தவர்களுக்கு இரத்தச் சிவப்பணுக்கள் உடையும். கர்ப்பிணிகளுக்குப் போடுவதில்லை. இதன் வரலாறு வேடிக்கையானது. 1876இல் துணிச் சாயமாக உருவானது, 1891இல் மலேரியாவுக்கு மருந்தாகக் கொடுக்கப்பட்டது. இன்றைக்கு எந்த மருந்துக்கும் இரத்த அழுத்தம் ஏறாத அனபிலாக்சிஸ் நோயாளிகளுக்குக் கடைசி முயற்சியாக ஏற்றப்படுவதும் இதே மெத்திலீன் நீலம்தான். ஒரு நீலம் கவிழ்த்தவரை இன்னொரு நீலம் தூக்கி நிறுத்துவதும் உண்டு.

நீலச் சாயம் இல்லாத வழிகளும் இருக்கின்றன. டெக்னீஷியம் என்ற கதிரியக்கப் பொருளைச் செலுத்தி, ஒலி எழுப்பும் கருவியால் கணுவைத் தேடலாம். ஆனால் அதன் வீரியம் ஆறு மணி நேரத்தில் பாதியாகிவிடும், அணு மருத்துவப் பிரிவு அருகில் இருக்க வேண்டும். சிறிய ஊர்களில் அது கைக்கு எட்டாது. அகச்சிவப்புக் கேமராவில் ஒளிரும் இண்டோசயனின் பச்சை இன்னொன்று. அதில் அயோடைடு உண்டு என்பதால் அயோடின் ஒவ்வாமை இருப்பவர்கள் முன்பே சொல்லிவிட வேண்டும்.

சாயப்பட்டறையில் வேலை செய்தவர்களுக்கு ஆபத்து அதிகமா என்பது நம் பகுதியில் கட்டாயம் வரும் கேள்வி. திருப்பூர்ப் பின்னலாடைக்குப் பெரும்பாலும் போடுவது பருத்தி இழையோடு பிணையும் ரியாக்டிவ் சாயங்கள். அவற்றின் தூளை மூச்சில் இழுத்துச் சிலருக்கு ஆஸ்துமாவும் தோல் அரிப்பும் வருவது தெரிந்த விஷயம். ஆனால் அவை வேதியியலில் வேறு வகை. பட்டறைச் சாயத்தால் கை அரித்தது என்பதாலேயே அறுவைச் சாயமும் ஒத்துக்கொள்ளாது என்று முடிவு கட்ட முடியாது. அதற்காகச் சொல்லாமலும் இருக்கக் கூடாது. எந்தச் சாயத்தால், எந்த மாதிரி வந்தது, மூச்சு அடைத்ததா, வெறும் அரிப்பா என்று அறுவைக்கு முந்தைய பரிசோதனையில் மயக்க மருந்து டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும். வீட்டில் இருக்கும் எல்லா மாத்திரைகளையும் ஒரு பையில் போட்டு அதே நாளில் எடுத்துப் போவதும் நல்லது. 'மக்களைத் தேடி மருத்துவம்' மூலம் வாசலுக்கே வரும் இரத்த அழுத்த மாத்திரைகளும் அதில் சேர்த்தி. அழுத்த மாத்திரைகளில் அட்டனலால் போன்ற பீட்டா பிளாக்கர் வகை அட்ரினலினின் வேலையை மழுங்கடிக்கக்கூடியது. நீங்களாக நிறுத்த வேண்டாம், தெரியப்படுத்தினால் போதும். அட்ரினலின் எடுபடாதபோது உதவும் குளுகாகான் என்ற மருந்தை மயக்கவியல் மருத்துவர்கள் கையருகே வைத்துக்கொள்வார்கள்.

ஒவ்வாமை அல்லாததையும் சொல்லிவிட வேண்டும். பெருந்துறையில் இருக்கும் என் பெரியம்மா அறுவைக்கு மறுநாள் காலை போனில் அழைத்து, "கண்ணு, சிறுநீர் பச்சையாகப் போகிறது, உள்ளே ஏதாவது அழுகிவிட்டதா?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்டார். பக்கத்துக் கட்டில்காரருக்குக் கேட்டுவிடக் கூடாதாம். சாயம் சிறுநீரகம் வழியாக வெளியேறுகிறது, அவ்வளவுதான். ஓரிரு நாள் சிறுநீர் நீலமாகவோ பச்சையாகவோ போகும். முகம் கொஞ்சம் சாம்பல் நிறமாகத் தெரியலாம். ஊசி போட்ட இடத்தில் நீலக் கறை மாதக்கணக்கில் நிற்கலாம். இவற்றுக்கு மருந்து வேண்டாம். அரிப்பு, உதடு வீக்கம், இளைப்பு, தலைசுற்றல் என்று ஏதாவது வந்தால் மட்டும் தாமதிக்காமல் நர்ஸைக் கூப்பிட வேண்டும்.

உண்மையிலேயே ஒவ்வாமை வந்துவிட்டால், அடுத்த சில மணி நேரத்துக்குள் டிரிப்டேஸ் என்ற பொருளுக்காக இரத்தம் எடுப்பார்கள். மாஸ்ட் செல்கள் சரக்கைக் கொட்டியதற்கு அது தடயம். ஒரு நாள் கழித்து மறுபடி எடுத்து ஒப்பிடுவார்கள். நான்கு முதல் ஆறு வாரங்கள் கழித்து ஒவ்வாமை நிபுணரிடம் தோல் சோதனை செய்தால்தான் குற்றவாளி சாயமா, நோய்க்கிருமிக் கொல்லியா, தசை தளர்த்தும் மருந்தா என்று தெளிவாகும். வீட்டுக்குப் போகும் அவசரத்தில் இந்தச் சோதனையைப் பலர் விட்டுவிடுகிறார்கள். மருத்துவமனைகளும் பல நேரம் வற்புறுத்துவதில்லை. தவறு இரு பக்கமும் இருக்கிறது.

வெளியே வரும்போது டிஸ்சார்ஜ் தாளில் 'சாய அலர்ஜி' என்று மொட்டையாக எழுதியிருந்தால் திருப்பிக் கொடுத்து, ஐசோசல்ஃபானா, பேட்டன்ட் நீலமா, மெத்திலீன் நீலமா என்று பெயரோடு எழுதித் தரச் சொல்லுங்கள். முதலிரண்டில் ஒன்று ஒத்துக்கொள்ளாதவருக்கு மற்றதும் ஆகாது, மெத்திலீன் நீலத்தைக்கூட யோசித்துத்தான் போட வேண்டும். அன்றைக்குப் போட்ட மற்ற மருந்துகளின் பட்டியலையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். தோல் சோதனை செய்பவர் முதலில் கேட்பது அதைத்தான். அந்தத் தாளின் நகல் ஒன்று காப்பீட்டு அட்டையோடு இருக்கட்டும், இன்னொன்று எப்போதும் கூட வரும் மகனிடமோ மருமகளிடமோ இருக்கட்டும்.